பல கருவிகளில் ஒரே பாடம்: தன்னார்வ மென்பொருள் முயற்சிக்கு வேண்டிய முன்நிர்ணயம்

அவதாரிகை

பூர்வாசார்யர்களின் நூல்களைக் கணினியில் ஏற்றிக் காக்கும் பணி இன்று பெரும்பாலும் தன்னார்வத் தொண்டர்களால் நடைபெறுகிறது. பாடத்தை உள்ளிடுவோர், ஒப்பிட்டுத் திருத்துவோர், தேடுவதற்கும் அச்சுக்கோப்பதற்கும் வேண்டிய மென்பொருளை இயற்றுவோர் ஆகிய மூவகையினரும் ஊதியம் கருதாமல், அவரவர் இல்லத்திலிருந்தபடியே, தமக்கு வாய்த்த கருவியைக் கொண்டு கைங்கர்ய புத்தியுடன் இதனைச் செய்கின்றனர். ஒருவரிடம் இருப்பது விண்டோஸ் இயங்குதளம்; மற்றொருவரிடம் லினக்ஸ்; வேறொருவரிடம் மேக்; இளையோர் பலரிடம் ஆண்ட்ராய்டு கைப்பேசி. ஒரு கருவியில் செவ்வனே தோன்றிய பாடம் மற்றொன்றில் சிதைந்து தோன்றுவதும், ஓரிடத்தில் தேடினால் கிட்டும் பதம் வேறோரிடத்தில் கிட்டாமற் போவதும் இவர்கள் அடிக்கடி காண்பவை.

இதற்கு "ஸ்ரீ" என்னும் எழுத்தைக் காட்டிலும் அணித்தான உதாஹரணம் தேட வேண்டுவதில்லை. ஸம்ஸ்க்ருதத்தில் இதன் முதல் மெய் தாலவ்யமான ஶகாரம். யூனிகோடு குறியேற்றத்தின் தமிழ்ப் பகுதியில் இந்த ஶகாரம் 2005ஆம் ஆண்டு வெளிவந்த 4.1ஆம் பதிப்பில்தான் இடம்பெற்றது. அதற்கு முன் எழுதியவர்கள் தந்த்யமான ஸகாரத்தை முதலில் வைத்து, புள்ளி, ரகரம், ஈகாரக் குறி என்று தொடர்ந்து இவ்வெழுத்தை அமைத்தனர். பின்னர் வந்தவர்களில் சிலர் ஶகாரத்தை முதலில் வைத்தனர். சிலர் பழைய முறையிலேயே நின்றனர். திரையில் இரண்டும் பெரும்பாலும் ஒரே வடிவாகத் தோன்றும். கணினிக்கோ அவை இரண்டு வெவ்வேறு தொடர்கள். "ஸ்ரீபாஷ்யம்" என்று ஒருவர் ஒரு முறையில் உள்ளிட்டிருக்க, மற்றொருவர் மற்றொரு முறையில் தேடினால், அந்நூலில் அப்பதமே இல்லை என்று மென்பொருள் விடையளிக்கும். ஓலைச்சுவடியில் உள்ள பாடபேதம் படிப்பவர் கண்ணுக்குப் புலனாகும். இதுவோ கண்ணுக்குப் புலனாகாத பாடபேதம். ஆகையால் அதனினும் கொடிது.

இவ்வகைக் கேடுகள் மென்பொருள் முற்றுப்பெற்ற பின்னர் ஒவ்வொன்றாகத் தீர்க்கத் தக்கவை என்று பலர் கருதுகின்றனர். அவ்வாறன்று, முதல் வரி எழுதுவதற்கு முன்னரே, எது எக்கருவியிலும் மாறலாகாது, எது கருவிக்கேற்ப மாறலாம் என்று நிர்ணயித்துக்கொள்வதே இதற்குப் பரிஹாரம் என்பதைக் காட்டுவது இக்கட்டுரையின் விஷயம். இதற்கு ப்ரமாணமாக, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பல்வகைக் கணினிகளில் ஒரே பலனைத் தந்துவரும் டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளின் வரலாறு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

பேதங்களின் பிறப்பிடம்

கருவிக்குக் கருவி வேறுபாடு எங்கே தோன்றுகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். முக்கியமானவை நான்கு.

முதலாவது, கோப்பின் பெயர். தமிழ் அச்சில் விஸர்கத்தைக் குறிக்க முக்காற்புள்ளி போன்ற இரட்டைப் புள்ளியை இடுவது வழக்கம். லினக்ஸில் பணிபுரிபவர் "ராம:" என்று ஒரு கோப்புக்குப் பெயரிட்டால் அது தடையின்றி ஏற்கப்படும். விண்டோஸில் அக்குறி கோப்புப் பெயரில் வரலாகாது என்பது விதி. ஆகையால் அக்கோப்பைத் தொகுப்போடு பெறும் விண்டோஸ் பயனர் அதனைத் தம் கணினியில் அப்பெயரோடு வைக்கவே இயலாது. அவ்வாறே, ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயரும் சிறிய எழுத்தில் தொடங்கும் அதே பெயரும் லினக்ஸில் இரண்டு கோப்புகள். விண்டோஸின் வழக்கமான அமைப்பில் ஒன்றே. ஒன்று மற்றொன்றை அழித்துவிடும்.

இரண்டாவது, வரியின் முடிவு. விண்டோஸ் ஒவ்வொரு வரியின் இறுதியிலும் இரண்டு குறிகளை இடுகிறது. லினக்ஸும் இன்றைய மேக்கும் ஒன்றையே இடுகின்றன. இதனை எண்ணாமல் இரு பிரதிகளை ஒப்பிடும் மென்பொருள், ஓர் எழுத்தும் மாறாத நூலில் எல்லா வரிகளும் மாறியிருப்பதாகக் காட்டும்.

மூன்றாவது, எழுத்தின் அளவு. மணிப்ரவாள வ்யாக்யானங்களுக்கு இன்றியமையாத க்ரந்த எழுத்துகள் 2014ஆம் ஆண்டின் யூனிகோடு 7.0 பதிப்பில் இடம்பெற்றன. அவை முதல் 65,536 இடங்களுக்கு அப்பால் அமைந்தவை. எழுத்து ஒவ்வொன்றையும் பதினாறு துகள்களில் அடக்கும் முறையில் இயங்கும் நிரல்கள் ஒரு க்ரந்த எழுத்தை இரண்டு அலகுகளாகவே வைத்திருக்கும். இதனை அறியாமல் இயற்றிய நிரல் தமிழ் எழுத்துகளுக்குக் குறைவின்றி இயங்கி, க்ரந்தம் வந்தவுடன் எழுத்தை நடுவில் முறித்துவிடும்.

நான்காவது, எழுத்துருவும் அதனை வடிவமைக்கும் நிரலும். "கொ" என்பதில் மெய்யின் இருபுறமும் குறி நிற்கிறது. உள்ளே சேமிக்கப்படும்போதோ மெய்யே முதலில் வருகிறது. இவ்வரிசையை மாற்றிக் கண்ணுக்குரிய வடிவாக்குவது தனியொரு நிரலின் தொழில். அந்நிரல் வேறானால் ஒரே எழுத்துருவாயினும் வடிவம் வேறுபடக்கூடும். எழுத்துருவே இல்லாவிடில் வெற்றுக் கட்டங்களே தோன்றும்.

இந்நான்கிலும் பொதுவானது ஒன்றுண்டு. எழுதுபவரின் கருவியில் இவற்றுள் ஒன்றும் குறையாகத் தோன்றாது. பிறர் கருவியிலேயே அது வெளிப்படும். தன்னார்வ முயற்சியில் எல்லாக் கருவிகளையும் வைத்திருப்பவர் ஒருவரும் இலர் என்பதால், முன்நிர்ணயம் இங்கு மற்ற இடங்களைக் காட்டிலும் அதிகமாக வேண்டப்படுகிறது.

டெக் கண்ட நெறி

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியரான டானல்ட் கனூத், தம் நூலின் இரண்டாம் தொகுதியின் மறுபதிப்புக்காக 1977இல் வந்த அச்சுப்படிகளின் எழுத்தமைப்பில் மனம் நிறைவுறாமல், தாமே ஓர் அச்சுக்கோப்பு மென்பொருளை இயற்றத் தொடங்கினார். முதல் வடிவம் 1978இல் அப்பல்கலைக்கழகத்தின் கணினியில், அங்கே வழங்கிய ஸெயில் என்னும் நிரல்மொழியில் அமைந்தது. பிற இடங்களில் அம்மொழி பரவலாக வழங்காமையால், விரும்பியவர்கள் அதனைத் தம் கணினிக்குக் கொண்டுசெல்ல மிகவும் இடர்ப்பட்டனர். ஆகவே கனூத் மென்பொருள் முழுவதையும் மீண்டும் எழுதி 1982இல் வெளியிட்டார். இன்று டெக் என வழங்குவது அவ்விரண்டாம் வடிவத்தின் வழி வந்ததே. அதில் அவர் மேற்கொண்ட நிர்ணயங்கள் நான்கு.

முதல் நிர்ணயம், மூலத்தையும் கருவிக்குரியதையும் பிரித்தல். டெக்கின் மூலநிரல், நிரலும் அதன் விளக்கமும் ஒன்றோடொன்று பின்னி வரும் வெப் என்னும் நடையில் எழுதப்பட்டது. கருவிக்குக் கருவி மாறக்கூடிய இடங்கள் எவையோ அவையனைத்தும் நூலின் அகராதியில் ஒரே தலைப்பின்கீழ்த் தொகுக்கப்பட்டன. புதிய கணினிக்குக் கொண்டுசெல்பவர் மூலத்தைத் தொடலாகாது. தாம் வேண்டும் வேறுபாடுகளை மாற்றக் கோப்பு என்னும் தனிக் கோப்பில் எழுத வேண்டும். இரண்டையும் சேர்த்து இயங்கும் நிரலை ஆக்குவது கருவியின் தொழில். வ்யாக்யாதா மூலத்தில் ஓர் அக்ஷரத்தையும் மாற்றாமல், தாம் சொல்ல வேண்டியதைத் தனியே எழுதி உடன் வைப்பது போன்றதே இம்முறை. பதவுரை எத்தனையாயினும் மூலம் ஒன்றாகவே நிற்பதுபோல, மாற்றக் கோப்புகள் எத்தனையாயினும் டெக் ஒன்றாகவே நின்றது.

இரண்டாம் நிர்ணயம், கணக்கில். பின்னங்களைக் கணக்கிடும் முறை அக்காலக் கணினிகளில் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபட்டது. அச்சிறு வேறுபாடு ஒரு வரியை ஓரிடத்தில் முறிப்பதற்குப் பதிலாக வேறிடத்தில் முறிக்கப் போதும். ஒரு வரி மாறினால் பக்கம் மாறும். பக்கம் மாறினால் நூலின் அட்டவணை முழுவதும் மாறும். ஆகையால் டெக் ஓர் அச்சுப் புள்ளியை 65,536 கூறுகளாக்கி, வரியையும் பக்கத்தையும் எங்கே முறிப்பது என்னும் தீர்மானத்தை முழு எண்களைக் கொண்டே செய்கிறது.

மூன்றாம் நிர்ணயம், வெளியீட்டில். டெக் எந்த அச்சுப்பொறிக்கும் நேரே கட்டளையிடுவதில்லை. எப்பொறிக்கும் பொதுவான ஓர் இடைவடிவத்தை எழுதிவைக்கிறது. அதனைக் குறிப்பிட்ட பொறிக்கு மாற்றுவது வேறொரு சிறு நிரலின் கடமை. பொறிகள் பல தலைமுறை மாறியும் டெக் மாறாமைக்கு இது ஒரு காரணம்.

நான்காம் நிர்ணயம், பரீக்ஷையில். கனூத் ஒரு சோதனைக் கோப்பை இயற்றி வெளியிட்டார். அது வழக்கமான நூல் ஒன்றின் பகுதியன்று. நிரலின் ஒவ்வொரு மூலைமுடுக்கையும் இடர்ப்படுத்த வேண்டுமென்றே அமைத்தது. எந்தக் கணினியில் எவர் ஆக்கிய டெக்காயினும் அக்கோப்பை இட்டால் வரும் விடை, அவர் வெளியிட்ட விடையோடு ஒத்திருக்க வேண்டும். எவ்வெவ் விடங்களில் சிறு வேறுபாடு பொறுக்கத்தக்கது என்பதும் எழுதிவைக்கப்பட்டது. பரீக்ஷையில் தேறாதது டெக் என்னும் பெயரைத் தரிக்கலாகாது. திருத்தி வேறொன்றாக்க விரும்புபவருக்குத் தடையில்லை. வேறு பெயர் இட வேண்டும் என்பது மட்டுமே நியமம்.

1990இல் கனூத் இனிப் புதிய அம்சம் எதையும் சேர்ப்பதில்லை என்று அறிவித்தார். அதன்பின் பிழைதிருத்தம் மட்டுமே நடைபெற்று, பதிப்பெண் 3.14, 3.141 என்று வட்டத்தின் சுற்றளவு விகிதத்தை நோக்கிச் செல்கிறது. டெக் முற்றுப்பெற்ற பின்னரும் அதனைப் புதிய கணினிகளுக்குக் கொண்டுசெல்லும் பணியைப் பல நாட்டுத் தொண்டர்களே செய்துவருகின்றனர். 1996 முதல் வெளிவரும் டெக் லைவ் என்னும் தொகுப்பு அவர்களது உழைப்பின் பலன். மூலத்தைத் தொடாமலும், ஆசிரியரை ஒவ்வொரு முறையும் வினவாமலும் அவர்கள் பணிபுரிய முடிவதற்கு 1982இன் நிர்ணயங்களே காரணம்.

ஸ்வரூபத்தில் விகாரமின்றி, தர்மபூத ஞானத்தில் மட்டும் ஸங்கோச விகாஸங்கள் உண்டு என்று ஜீவாத்மாவைப் பற்றிச் சொல்லும் முறையை இங்கு உவமையளவில் நினைக்கலாம். மாறுவது எதுவோ அதற்கு ஓரிடம் அளித்ததாலேயே மாறாதது மாறாமல் நின்றது.

மறுதலையான வழி

இதற்கு வேறான வழியில் சென்று, பின்னர் வந்து சேர்ந்த ஒன்றும் உண்டு. டெக்கின் வழியில், யூனிகோடு எழுத்துகளை நேரே ஏற்கும்படி ஜோனதன் க்யூ இயற்றிய ஸீடெக் என்னும் மென்பொருள் 2004இல் வெளிவந்தது. எழுத்துகளை வடிவமைக்கும் தொழிலை அது மேக் இயங்குதளத்தின் உள்ளமைந்த வசதியிடமே ஒப்படைத்தது. அதனால் குறுகிய காலத்தில் உயர்ந்த பலன் கிடைத்தது. இந்திய மொழிகளை அச்சுக்கோப்பவர்களுக்கு அது பெரும் உபகாரமாயிற்று. ஆயினும் அவ்வசதி மேக்கில் மட்டுமே இருந்தது. 2006இல் லினக்ஸுக்குக் கொண்டுசெல்லும்போது அவ்வேலைக்கு வேறு நிரலையே நம்ப வேண்டியதாயிற்று. 2013இல், ஓபன்டைப் வகை எழுத்துருக்களை வடிவமைக்க ஹார்ஃப்பஸ் என்னும் பொது நிரல் ஏற்கப்பட்டது. ஆண்ட்ராய்டு, ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரெஆஃபீஸ் முதலியனவும் அந்நிரலையே பயன்படுத்துகின்றன.

இத்தால் சொல்லிற்றாவது: ஓர் இயங்குதளம் இலவசமாக அளிக்கும் வசதியை ஏற்பது குற்றமன்று. அவ்வசதி பிற தளங்களில் இல்லையென்றால், அதன் விலை பின்னர் வேறொருவர் உழைப்பாகச் செலுத்தப்படும், அவ்வளவே.

சங்கைகளும் பரிஹாரங்களும்

இங்கு ஒரு சங்கை எழும். கனூத்தும் முதலில் ஒரு கணினிக்கே எழுதினார். ஸீடெக்கும் ஒரு தளத்திலேயே பிறந்தது. அவ்வாறிருக்க, முதலில் ஒரு கருவியில் இயங்கட்டும், பிறவற்றைப் பின்னர் காண்போம் என்று தொண்டர்கள் தொடங்குவதில் குறையென்ன என்னில், ஒரு கருவியில் தொடங்குவதில் குறையில்லை. எல்லை வகுக்காமல் தொடங்குவதே குறை. கனூத்துக்கு நூல் முழுவதையும் மீண்டும் எழுத ஆயுளும் அவகாசமும் வாய்த்தன. தன்னார்வ முயற்சியில் இன்று எழுதுபவர் மூன்றாண்டுகளுக்குப் பின் அவ்விடத்தில் இருப்பார் என்பதற்கு நிச்சயமில்லை. எல்லை எழுதப்பட்டிருந்தால் பின்வருபவர் கருவிக்குரிய பகுதியை மட்டும் புதிதாக்குவார். எழுதப்படாவிடில் முழுவதையும் கைவிடுவார்.

இரண்டாவது சங்கை: உலாவியில் இயங்குமாறு அமைத்துவிட்டால் எல்லாக் கருவிகளும் ஒன்றாகிவிடுமன்றோ என்பது. பேதங்களில் பெரும்பகுதி அதனால் நீங்கும் என்பது உண்மை. ஆயினும் எழுத்துரு இல்லாத கைப்பேசியில் க்ரந்தம் தோன்றாமை நீங்காது. எழுத்துருவையும் உடன் அனுப்ப வேண்டும். "ஸ்ரீ" இரு வகையாக உள்ளிடப்படுவதும் நீங்காது. இணையத் தொடர்பில்லாத இடத்தில் பாராயணம் செய்பவருக்கு அது உதவுவதும் ஐயமே.

மூன்றாவது சங்கை: எல்லாக் கருவிகளையும் ஏற்பதே உதாரமான வழி, எதையேனும் விலக்குவது அடியார்களுள் சிலரை விலக்குவதாகாதோ என்பது. இதற்குப் பைதான் என்னும் நிரல்மொழியின் தொண்டர்கள் கண்ட முறை ஸமாதானமாகும். அவர்கள் இயங்குதளங்களை மூன்று படிகளாகப் பிரித்து எழுதிவைத்துள்ளனர். முதற்படியில் உள்ளதில் பரீக்ஷை தேறாவிடில் வெளியீடே நிறுத்தப்படும். இரண்டாம் படியில் உள்ளதற்குக் குறைந்தது இரண்டு மூலப் பொறுப்பாளர்கள் முன்வர வேண்டும். மூன்றாம் படிக்கு ஒருவர். பொறுப்பேற்பவர் இல்லாத தளத்திற்கு வாக்குறுதியும் இல்லை. காப்பாற்ற இயலாத வாக்கை அளித்து, பழுதுபட்ட பாடத்தை ஒருவர் கையில் கொடுப்பதைக் காட்டிலும், இவ்வளவே இயலும் என்று முன்னரே சொல்லுவது அவருக்குச் செய்யும் பேருபகாரம். பொறுப்பேற்பவர் ஒருவர் முன்வந்தால் கதவு திறந்தே இருக்கிறது.

மணிப்ரவாளத் தொகுப்புக்கு இதன் உபயோகம்

மேற்சொன்னவற்றை மணிப்ரவாள வ்யாக்யானங்களைத் தேடவும் அச்சிடவும் உதவும் மென்பொருளை இயற்ற முற்படும் குழுவுக்குப் பொருத்தினால், தொடக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டியவை பின்வருமாறு அமையும்.

மாறலாகாதவற்றுள் முதன்மையானது பாடம். அது எழுத்துருவைச் சாராத யூனிகோடு வரிகளாகவே சேமிக்கப்பட வேண்டும். யூனிகோடுக்கு முந்தைய கோப்புகளில் எழுத்துக்குரிய எண் எழுத்துருவைச் சார்ந்திருந்தது. எழுத்துருவை இழந்தபோது பொருளும் மறைந்தது. தன்னார்வ முயற்சியாக 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், பழைய குறியேற்றத்திலிருந்து தன் தொகுப்பை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டது இங்கு நினைக்கத்தக்கது. இவ்வாறு மாற்றும் உழைப்பு பாடத்தைக் காக்கும் உழைப்பே.

அடுத்தது, ஒரே வடிவுக்கு ஒரே உள்ளமைப்பு என்னும் நியமம். "கொ" என்பதன் குறியை ஒன்றாகவும் உள்ளிடலாம். முன்குறி, பின்குறி என இரண்டாகவும் உள்ளிடலாம். இவ்விரண்டையும் யூனிகோடு ஸமமாகவே விதித்திருக்கிறது. அவ்விதிப்படி சீர்செய்யும் நிரல்கள் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. "ஸ்ரீ"யின் இரு அமைப்புகளோ அச்சீர்மையில் தாமாக ஒன்றாவதில்லை. இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும்படி யூனிகோடு பரிந்துரைக்க மட்டுமே செய்கிறது. ஆகையால் குழுவே ஓர் அமைப்பைத் தேர்ந்து, சேமிக்கும்போது அதனையே எழுதவும், தேடும்போது இரண்டையும் ஏற்கவும் நிரலில் விதிக்க வேண்டும். ஶகாரமே ஸம்ஸ்க்ருத வர்ணத்துக்கு இணங்கியது என்பது தேர்வுக்குத் துணையாகும்.

மூன்றாவது, கோப்புப் பெயர்கள். ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், இணைப்புக்கோடு ஆகிய மூன்றைக் கொண்டே பெயரிட்டு, நூலின் உண்மைப் பெயரைக் கோப்பினுள் முதல் வரியாக எழுதினால் எத்தளத்திலும் இடையூறு நேராது. வரி முடிவும் ஒரே வகையென்று விதிக்கப்பட வேண்டும்.

நான்காவது, பரீக்ஷைப் பாடம். சில பக்க அளவில் ஒரு சோதனைக் கோப்பை இயற்றி, அதில் இடர் தரும் யாவற்றையும் திரட்டி வைக்க வேண்டும்: இருவகை ஸ்ரீ, இருவகைக் கொகரம், தமிழ் வரியின் நடுவே க்ரந்தத் தொடர், விஸர்கம், மூன்று மெய்கள் கூடிய ஸம்யுக்தாக்ஷரம், நீண்ட ஸமாஸம். இதற்குரிய சரியான விடையையும் உடன் வெளியிட வேண்டும். அப்போது மேக் வைத்திருக்கும் தொண்டர் நிரல் அறியாதவராயினும் சோதனையை இயக்கி, ஒத்ததா இல்லையா என்று சொல்ல வல்லவராவார். கருவிகளைப் பகிர்ந்துகொள்ள இயலாத குழுவுக்குப் பரீக்ஷையைப் பகிர்ந்துகொள்வது ஈடாகும்.

மாறலாமவை எஞ்சியவை: சாளரத்தின் தோற்றம், பொத்தான்களின் இடம், விசைப்பலகை முறை, அச்சுப்பொறியோடு பேசும் முறை, எழுத்துருவின் அழகு. இவற்றை அந்தந்தத் தளத்தின் வழக்கத்துக்கே விட்டுவிடலாம். எல்லாத் தளங்களிலும் ஒரே தோற்றம் வேண்டும் என்று முயல்வது, சில கைகளே உள்ள குழுவின் உழைப்பை வேண்டாத இடத்தில் செலவழிப்பதாகும்.

இறுதியாக, எத்தளத்துக்கு யார் பொறுப்பு என்பதும், அவர் விலகினால் அத்தளம் எப்படியில் வைக்கப்படும் என்பதும் பெயரளவிலன்றி உண்மையாகவே எழுதப்பட வேண்டும். விலகுபவர் மீது குறை கூறாமலும், பயனரைத் திகைக்க விடாமலும் இருப்பதற்கு இதுவே வழி.

நிகமனம்

ஏட்டைப் பெயர்த்தெழுதிய முன்னோர் ஓலை இற்றுப்போவதை அறிந்திருந்தனர். ஆகவே ஒரு பிரதி அழியுமுன் மற்றொன்றை எழுதினர். அவர்கள் காத்தது ஓலையையன்று, பாடத்தை. கணினிகளும் இயங்குதளங்களும் ஓலையினும் விரைவாக இற்றுப்போகின்றன. 1978இல் டெக் முதலில் இயங்கிய கணினி வகை இன்று வழக்கில் இல்லை, டெக் இருக்கிறது. இன்று உள்ள கைப்பேசிகளும் அவ்வாறே மறையும். எந்தக் கருவியிலும் பாடம் ஒன்றே என்னும் நிர்ணயத்தைத் தொடக்கத்திலேயே எழுதி, அதனைப் பரீக்ஷையால் காத்து, தம்மால் இயன்ற அளவுக்கே வாக்களித்துச் செய்யப்படும் மென்பொருள், அதனை இயற்றியவர்கள் அறியாத கருவிகளிலும் அப்பாடத்தைக் கொண்டுசேர்க்கும்.